ஒடியல் கூழ் (காய்ஞ்ச பனங்கிழங்கு மாவில் காய்ச்சுற கூழ்) கசக்குது, கட்டி தட்டுது. குருநகரில் குடித்த மாதிரி வர என்ன செய்யணும்?

வைகைக்கரை:
போன ஆகஸ்டில் யாழ்ப்பாணம் போயிருந்தேன். கூட வேலை பார்க்கிறவர் வீடு குருநகரில். போனால் முற்றத்தில் மூணு கல் கூட்டிப் பெரிய பானையில் கூழ் கொதிக்குது. நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில். பதினாலு பேர் வட்டமா உட்கார்ந்தோம். பனையோலையில் மடிச்ச பிளாவை எப்படிப் பிடிக்கிறதுன்னு அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு என் விரலைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தாள். உறைப்பு தாங்காம கண்ணு கலங்கினப்போ, அம்மா ஒரு துண்டு தேங்காயைக் கையில் வச்சாங்க. என் பிளாவைக் காலியாகவே விடலை. முதல் தடவை பார்க்கிற ஆளுக்கு நண்டுக்காலை உடைச்சு உடைச்சுப் போட்டாங்க.

கிளம்பும்போது ஒடியல் மாவும் கட்டித் தந்தாங்க. மதுரையில் ரெண்டு தடவை செஞ்சேன். கொதிக்கிற பானையில் மாவை அப்படியே கொட்டினேன். வாயில் வைக்க முடியலை. இன்னும் ஒரு தடவைக்குத்தான் மா இருக்கு. அப்பாவுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கணும்.

பனங்கூடல்:
தம்பி, மாவை நேர போட்டால் கைக்கும்தான். நிறையத் தண்ணியில கரைச்சு வையுங்கோ. மா அடியில படிஞ்சாப்பிறகு மேல நிக்கிற தண்ணிய ஊத்திப்போட்டு, புதுத்தண்ணி விடுங்கோ. ரெண்டு மூண்டு தரம் இப்பிடிச் செய்தால் கைப்புப் போகும்.

முதல்ல ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மீன் தலை அவியட்டும். பிறகு நண்டும் இறாலும். எல்லாம் அவிஞ்ச பிறகுதான் கரைச்ச மாவை விட்டுக் கை விடாமல் துளாவவேணும். செத்தல் மிளகாய் அரைச்சதும் பழப்புளியும் அதோட. முருங்கையிலை இறக்கிற நேரம்.

ஸ்காபரோ அக்கா:
மா வாங்கேக்க புழுக்கொடியல் மாவெண்டால் எடுக்காதேங்கோ. அது கிழங்கை அவிச்சுக் காயவைச்சு இடிச்சது. கூழுக்குப் பச்சைக்கிழங்கு காயவைச்ச ஒடியல்தான். இஞ்ச கனடாவில நாங்கள் ஐஸ் நண்டிலதான் காய்ச்சிறம், பிளாவுக்குப் பதில் கோப்பை. ஆனால் ரெண்டு பேருக்கெண்டு ஒருநாளும் காய்ச்சினதில்லை. ஆக்களைக் கூப்பிடுங்கோ.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுக்காரங்களையும் சேர்த்து ஒன்பது பேர். பனையோலை கிடைச்சிருச்சு. பிளா மடிக்கிறதை யாராவது படம் எடுத்துப் போட முடியுமா?