ஸ்னாப்ஷாட்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும் (சிங்கப்பூர்த் தமிழ் மடற்குழுவில், ஊர்ப்பேட்டைப் பெயர்களில்)

செங்காங், ஆசிரியை:
அன்பர்களே, வணக்கம். பள்ளியில் பழைய குடும்பப் படங்களின் கண்காட்சி. நான்கு மொழிப் பலகையில் மற்ற மூன்றும் வந்துவிட்டன. தமிழுக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. 'நிழற்படம்' என்றால் ஸ்டூடியோவில் விறைத்து நின்று எடுத்ததும் அதில் அடங்கிவிடும். என் முன்னால் இருப்பது அப்படியல்ல. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். ஓரத்தில், படம் எடுத்தவரின் கட்டைவிரல்.

ஜூரோங்:
டீச்சர், பிறப்பை விசாரிக்காமல் பெயர் வைக்கலாமா? இது வேட்டைக்காரர் சொல். குறி பார்க்க நேரமின்றிச் சட்டென்று சுடுவது. ஹாக்கர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1808இல் நாட்குறிப்பில் எழுதியது, புதரிலிருந்து கிளம்பிய பறவைகளைச் சுட்டதைப் பற்றி. வானியலாளர் ஜான் ஹெர்ஷல்தான் 1860இல் அதைப் படத்துக்குக் கொண்டுவந்தார். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். ஆகவே 'சுடுபடம்'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

பிடோக்:
பிள்ளைகள் 'யாரிடம் சுட்டது?' என்று கேட்பார்கள். தோட்டா எதற்கு? 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்று தொல்காப்பியர் அளந்து வைத்திருக்கிறாரே. இமைப்பது ஷட்டர், நொடிப்பது விரல். ஆங்கில ஸ்னாப்பிலும் விரல் நொடிப்பு உண்டு. 'நொடிப்படம்'.

ஜூரோங்:
விரல் பிற்பாடு வந்தது ஐயா. ஸ்னாப்பின் வேர் பழைய டச்சு. நாய் வெடுக்கென்று கவ்வுமே, அது. வேரைக் காட்டுவதானால் 'கவ்வுபடம்'. தவிர, நொடித்துப்போவது திவாலாவது.

ஈசூன்:
நாயை விடுங்கள் ஐயா. 1900இல் கோடாக் ஒரு டாலருக்கு பிரவுனி கேமராவை விற்ற பிறகுதான் படம் எடுப்பது சாமானியர் கைக்கு வந்தது. சொல்லும் அவர்களுடையதாக இருக்கட்டும். 'ஸ்னாப்ஷாட்' என்றே போட்டால் பாட்டிக்கும் பேரனுக்கும் புரியும். 'புகைப்படத்தில் புகை எங்கே' என்று மட்டும் யாரும் தொடங்க வேண்டாம். போன ஆண்டு அதற்கே நாற்பது மடல்.

பிடோக்:
தொடங்கத்தான் வேண்டும். ஒளியால் எழுதுவது என்பதே கிரேக்க மூலம். ஒளிப்படம் என்பதே சரி.

உட்லண்ட்ஸ்:
எங்கள் சர்வரில் தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறேன். அதில் படமே கிடையாது. அந்தக் கணத்தில் ஹார்ட் டிஸ்கில் என்ன இருந்தது என்ற நிலைதான். 'நொடிப்படம்' என்று முடித்தால் எனக்கு வேறு சொல் தேட வேண்டும். 'கணப்பதிவு' இரண்டுக்கும் உதவும்.

பிடோக்:
கணம் வடசொல்.

உட்லண்ட்ஸ்:
அச்சகம் வடசொல்லைப் பொறுக்கும், தாமதத்தைப் பொறுக்காது.

செங்காங், ஆசிரியை:
வியாழன் இரவு பதினொன்று. தனி மடல்களையும் சேர்த்தால் நொடிப்படத்துக்கு நால்வர், கணப்பதிவுக்கு ஒருவர், ஸ்னாப்ஷாட்டுக்கு ஒருவர், கவ்வுபடத்துக்கு அதை முன்மொழிந்தவர். 'நொடிப்படங்கள்' என்று அனுப்பிவிட்டேன். இனி யாரும் வல்லினம் மிகுமா என்று கேட்காதீர்கள்.

ஜூரோங்:
மிகும். என் மறுப்பு நிற்கிறது. அந்தக் கட்டைவிரலை ஒரு தடவை உற்றுப் பாருங்கள் டீச்சர். குறி பார்த்தவன் எடுத்த படமா அது?