மண்ணுக்குள் கிடந்த போளைகளை மினுக்கலாமா?

குளக்கட்டு:
விசுவமடுவில் எங்கள் வளவில் மலசலகூடக் குழி வெட்டும்போது ஒரு பால்மா ரின் அகப்பட்டது. கைபட்டதும் துரு உதிர்ந்து கொட்டியது. உள்ளே 43 போளைகள், சின்னப் பிள்ளைகள் சுண்டி விளையாடுகிற கண்ணாடிக் குண்டுகள். 2009 தை மாதம் போரில் நாங்கள் இடம்பெயர்ந்து வெளிக்கிட முதல் அண்ணா தாட்டு வைத்தவை. எல்லாம் வெள்ளை படர்ந்து மங்கிப்போயின. செப்புக் குழாயின் வாயில் போளையை இருத்தி, 400, 600, 1000, 2000 என்று வரவர நுண்மையான அரத்தாளாக மாற்றி மாற்றித் தண்ணீரோடு தேய்த்து, கடைசியில் சீரியம் ஒக்சைட் பசையால் மினுக்கலாம் என்று அறிந்தேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முறிகண்டியான்:
தம்பி, தயவுசெய்து தேய்க்காதீர்கள். 16 மில்லிமீற்றர் போளையில் அரை மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஒரு சிலும்பு இருந்தால், அது போவதற்குச் சுற்றிவர அவ்வளவையும் எடுக்க வேண்டும். மிஞ்சுவது 15 மில்லிமீற்றர் போளை. நிறையில் ஆறில் ஒன்றுக்கு மேல் போய்விடும். அதை அண்ணாவின் போளை என்று எப்படிச் சொல்வது? சேகரிப்பவர்களும் தேய்த்ததைக் கண்டால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

பட்டறைக்காரன்:
விலை எதற்கு அண்ணை? அவர் விற்கப் போவதாகச் சொல்லவில்லையே. பழைய ஜேர்மன் கைவேலைப் போளை என்றால் நானும் தொடமாட்டேன். அதில் கண்ணாடிக் கோலிலிருந்து வெட்டிய தழும்பு இருக்கும், தேய்த்தால் அந்த அடையாளமே போய்விடும். இவருடையவை இயந்திரத்தில் உருண்டு வந்தவை. நான் நகைப்பட்டறையில் வேலை செய்கிறவன், மினுக்கிக் கொடுத்த பொருளைக் கையில் வாங்கும்போது ஆட்களின் முகம் மாறுவதை நாள்தோறும் பார்க்கிறேன். பாழடைந்த வீட்டுக்குப் பூச்சுப் பூசுகிறோம்தானே, போளைக்கு மட்டும் ஏன் கூடாது? ஒன்று, தம்பி: உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். கண்ணாடித் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது.

நெடுங்கேணி அக்கா:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. அந்த வெள்ளை என்ன வெள்ளை என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் பிடிக்கிற மாதிரிச் சுண்ணாம்புப் படிவு என்றால் தேசிக்காய்ப் புளியில் ஓர் இரவு ஊறப்போட்டாலே கழன்றுவிடும். ஈரமண் கண்ணாடியில் இருக்கிற சோடியத்தை மெல்ல மெல்ல உறிஞ்சியதால் வந்த வெள்ளை என்றால் புளி ஒன்றும் செய்யாது. சாய்த்துப் பார்த்தால் வானவில் நிறம் தெரியும், நகத்தால் கிளறினால் செதிளாக வரும். அது மேலே ஒட்டிய அழுக்கில்லை, கண்ணாடியே கெட்டுப்போனது. சுடுதண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், உள்வெடிப்பு இருந்தால் பிளந்துவிடும்.

முறிகண்டியான்:
அக்கா சொல்வது சரி. கழுவுவது வேறு, அரைப்பது வேறு. கழுவினால் அதன் மேல் வந்த மண் போகும். அரைத்தால் அதுவே போகும்.

பட்டறைக்காரன்:
செதிளாக வருகிற கண்ணாடியை அப்படியே வைத்திருந்தால் இன்னும் உதிரும் அண்ணை. அதையும் விடச் சொல்கிறீர்களா?

குளக்கட்டு:
மூன்று நாளாகிவிட்டது. தேசிக்காய்ப் புளியில் போட்டதில் 29 தெளிந்துவிட்டன. உள்ளே பூ வைத்த பச்சைப் போளைகள், நீல இதழ் இரண்டு, மஞ்சள் ஒன்று. சோடாப் போத்தல் உடைத்து எடுத்த நிறமில்லாத போளையும் ஒன்று இருக்கிறது, போத்தலின் கழுத்தில் நின்று வாயை அடைத்துக்கொள்கிற அதே போளை. மிச்சம் 14 தெளியவில்லை. அதில் நான்கு செதிள் விடுகின்றன.

பிரான்ஸில் இருக்கிற அண்ணாவுக்குப் படம் அனுப்பினேன். வேறு எதையும் கேட்காமல், "அந்த ஓரம் போனது என்ர அடிபோளை, எடுத்து வை" என்றார். பிறை மாதிரி ஒரு சிலும்பு, பெருவிரல் நகம் சரியாக அதில் போய் இருக்கும். அதில் நகத்தைக் கொடுத்துத்தான் சுண்டுவாராம். முறிகண்டி அண்ணை, நான் முதலில் தேய்க்க எடுத்து வைத்தது அதைத்தான்.

பட்டறைக்காரன்:
சரி, அதை விடுங்கள், நானும் கேட்கமாட்டேன். அந்த நான்கையும் என்ன செய்யப்போகிறீர்கள்?

குளக்கட்டு:
மகள் மற்றப் போளைகளை எடுத்து முற்றத்தில் குழி தோண்டத் தொடங்கிவிட்டாள். செதிள் கையில் ஏறும் என்பதால் அந்த நான்கையும் கொண்டுவருகிறேன், தேய்த்துத் தாருங்கள். சனிக்கிழமை கிளிநொச்சிக்கு வருவேன்.

முறிகண்டியான்:
தேய்க்க முதல் நான்கையும் படம் எடுத்து வையுங்கோ தம்பி.