மேட்டூர் தண்ணி நிறுத்தின பிறகு காவிரியில் நாள் முழுக்கத் தூண்டில் போட்டும் ஒரு மீன்கூட இல்லை. எங்கே தப்பு?

கரையோரம் (கேள்வி)

இடம் நெரிஞ்சிப்பேட்டை கதவணைக்கு (ஆத்துக்குக் குறுக்கே மதகு வெச்ச தடுப்பணை) மேல்பக்கம், ஈரோடு மாவட்டக் கரை. பிப்ரவரி முதல் வாரம், காலை 6 முதல் மாலை 5 வரை. தண்ணி ஓடின மாசங்கள்ல இதே இடத்துல ஜிலேபியும் கெண்டையும் நல்லா வரும்.

சாமான்: 10 அடி கம்பு, 0.40 மி.மீ. நரம்பு (தூண்டில் நூல்), 4-ம் நம்பர் தூண்டில் முள், 20 கிராம் ஈயம், பெரிய தக்கை. இரை மைதா உருண்டை. கரையிலிருந்து மூணு மீட்டருக்குள்ள, ரெண்டடி ஆழத்துல போட்டது.

காலையில தக்கை அசையவே இல்ல. 11 மணிக்கு மேல படபடன்னு நடுங்கும், தூக்கினா முள் வெறுமையா வரும். மதியம் தண்ணி ஒரு சாண் இறங்குச்சு, அதோட நடுக்கமும் நின்னுபோச்சு. இரை மாத்தணுமா, இடம் மாத்தணுமா?

ஆத்துமேடு

இடம்தாங்க முதல்ல. வழக்கப்படி மேட்டூர்ல ஜூன் 12 திறந்து ஜனவரி 28-ல பாசனத் தண்ணியை நிறுத்துவாங்க. அப்புறம் குடிநீருக்கு விடுறது மட்டும்தான் வரும். ஓட்டம் குறைஞ்சதும் வண்டல் அடியில படிஞ்சு தண்ணி கண்ணாடியாட்டம் தெளிஞ்சுடும். கலங்கல்ல கரையோரம் மேஞ்ச மீன் தெளிஞ்ச தண்ணியில ரெண்டடி ஆழத்துல பகல்ல நிக்காது. பழைய ஓட்டத்தோட பள்ளம், பாறை இடுக்கு, மடு, இங்கதான் ஒதுங்கும்.

காலையில ஒண்ணுமே கடிக்காததுக்குக் காரணம் குளிர். தை, மாசி விடியல்ல கரையோரத் தண்ணிதான் முதல்ல சில்லிடும். ஜிலேபி குளிர் தாங்காத மீன், உடம்பு சூடேறாம இரை எடுக்காது. இந்த மாசங்கள்ல 10 மணிக்கு முன்னாடி ஜிலேபிக்குக் காத்திருக்கிறது வீண். 10:30-லிருந்து 3 வரைக்கும் வெயில் விழுற பக்கம் உட்காருங்க. ஆனா உங்க நிழல் தண்ணி மேல விழாம, கரையை விட்டு நாலடி தள்ளி.

மதியம் தண்ணி இறங்கினது கதவணையில மின் உற்பத்திக்கு விட்டதால. மேல இருந்து வரத்து குறைவா இருக்கிறப்போ விசையாழி ஓடினா தேக்கம் சீக்கிரம் இறங்கும். மட்டம் இறங்குற நேரத்துல மீன் கரையை விட்டு விலகும். தண்ணி விளிம்புல ஒரு குச்சி நட்டு வைங்க. கால் மணி நேரத்துக்கு ஒருக்கா பாருங்க. இறங்கிட்டே இருந்தா ஆழத்துக்கு மாத்திப் போடுங்க. நின்னா, இல்ல ஏற ஆரம்பிச்சா, பழைய இடத்துக்கே வரலாம்.

தக்கைநுனி

ஆத்துமேடு சொன்னதோட ஒத்துப்போறேன், ஆனா அந்த நடுக்கம் வேற சமாச்சாரம். அது பொடி மீன். வாய் கொள்ளாத முள்ளுல இருக்கிற மாவை மட்டும் கொத்திக் கரைச்சுட்டுப் போயிடும். பச்சை மைதா தண்ணியில அஞ்சு நிமிஷத்துல கொழகொழத்துடும், அதுக்கு வசதியாப் போச்சு.

மைதா 100 கிராம், கடலைப் புண்ணாக்குத் தூள் 50 கிராம், தண்ணி சுமார் 70 மில்லி. கெட்டியாப் பிசைஞ்சு தட்டையா தட்டி, கொதிக்கிற தண்ணியில போட்டு மேல மிதக்கிற வரை வேக வைங்க. எடுத்து, கை பொறுக்கிற சூட்டுல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி பிசைங்க. கொஞ்சம் பஞ்சைப் பிய்ச்சு கலந்தா முள்ளைப் பிடிச்சுக்கும். நிறைய போடாதீங்க, மீன் துப்பிடும்.

முள் ஜிலேபிக்கு 10, கெண்டைக்கு 8 (நம்பர் கூடினா முள் சின்னது). நரம்பு 0.40 தெளிஞ்ச தண்ணியில பட்டவர்த்தனமா தெரியும். கடைசி முக்கால் முழத்துக்கு 0.22 கட்டுங்க. 20 கிராம் ஈயம் ஓட்டத்துக்கானது. நின்ன தண்ணிக்கு சின்னத் தக்கையும், அதோட நுனி மட்டும் அரை விரல் வெளியே தெரியுற அளவு ஈயமும் போதும். பெரிய தக்கையை இழுக்கும்போதே மீன் சந்தேகப்பட்டு விட்டுடும்.

கெளுத்திமீசை

மண்புழுவை ஏன் யாரும் சொல்லல? சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பிட்டதுதான் பெரிய நஷ்டம். இருட்டு விழுற அரை மணி நேரத்துல கெளுத்தியும் ஆரலும் அடித்தளத்துல மேயும். புழுவோட வால் அசையுற மாதிரி பாதியை முள்ளுல கோர்த்து, தக்கை இல்லாம அடியில போடுங்க. ஈயத்தை மெல்லிசு நூல்ல தனியா கட்டினா பாறையில சிக்கினாலும் ஈயம் மட்டும் போகும், முள்ளும் மீனும் தப்பும்.

கெளுத்தியைக் கழட்டும்போது முதுகுலயும் ரெண்டு பக்கத்துலயும் உள்ள முள்ளு ஜாக்கிரதை. குத்திட்டா, பொறுக்கிற அளவு சுடுதண்ணியில கையை வைங்க, கடுப்பு குறையும்.

தக்கைநுனி

புழு பகல்ல வேண்டாங்க, பொடி மீனைத்தான் கூட்டும். சாயங்காலத்துக்கு சரி.

கரையோரம்

நன்றி அண்ணா. பரிசல் இல்லாம பள்ளம் எங்கன்னு கரையிலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆத்துமேடு

இரை இல்லாம ஈயத்தை மட்டும் கட்டி வீசுங்க தம்பி. தண்ணியைத் தொட்டதிலிருந்து நரம்பு தொய்யுற வரை எண்ணுங்க. விசிறி மாதிரி அஞ்சாறு திசையில போட்டா, எண்ணிக்கை திடீர்னு கூடுற இடம்தான் பள்ளத்தோட விளிம்பு. அப்புறம் மெதுவா இழுங்க: டொக் டொக்னு தட்டினா பாறை, கனமா வழுக்கினா சேறு. பாறையும் சேறும் சேர்ற விளிம்புல போடுங்க.

அங்கயே மீனைக் கூட்ட தவிடு 300 கிராம், புண்ணாக்கு 100 கிராம், ஒரு கை களிமண் பிசைஞ்சு எலுமிச்சம்பழ அளவுல நாலு உருண்டை வீசுங்க, பிறகு அரை மணிக்கு ஒண்ணு. ஓட்டம் இல்லாத தண்ணியில அது அடிச்சுட்டுப் போகாது, அதிகம் போட்டா மீன் வயிறு நிறைஞ்சுடும்.

கதவணைக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் இறங்காதீங்க. வறண்ட பாறை மாதிரி தெரியும், மதகு திறந்தா சில நிமிஷத்துல திரும்பி வர வழி இருக்காது.