மறு: 'பாட்டில்நெக்': குறுமடை என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் நண்பர்களே, கணினியில் ஒரு பாகம் வேகம் போதாமல் மற்றவற்றையும் இழுத்துப்பிடிப்பதை ஆங்கிலத்தில் 'பாட்டில்நெக்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'குறுமடை' என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். வந்த பதில்களை மேற்கோளிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

> புட்டிக்கழுத்து என்றே வைத்துவிடலாம். நேரான மொழிபெயர்ப்பு, குழப்பம் இல்லை.

குழப்பம் இல்லைதான் அண்ணா. ஆனால் தருமபுரியில் என் கடைக்கு பார்ட்ஸ் கேட்டு வரும் பையனிடம் "உன் செயலி (சிபியு) புட்டிக்கழுத்தா இருக்கு தம்பி" என்றால், அடுத்த கடைக்குப் போய்விடுவான். 'இடையூறு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கெட்டுப்போன பாகத்தைச் சொல்வதுபோல் இருக்கிறது. இங்கே எதுவும் கெடவில்லை. மற்றவற்றின் வேகத்துக்கு ஒன்று ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் அக்கா மகன் கணினியில் இதைக் கண்ணால் பார்த்தேன். 2012இல் வந்த ஐ5-3470 செயலி, நாலே கோர். அதில் திரையில் படம் தீட்டும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் அட்டையை வாங்கிச் செருகிவிட்டு, "மாமா, கேம் திக்கித் திக்கி ஓடுது" என்று தூக்கிக்கொண்டு வந்தான். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் செயலி 100 சதவீதத்தில் முட்டி நிற்கிறது, அட்டை 55இல் சும்மா கிடக்கிறது. திரைத் துல்லியத்தை 1080இலிருந்து 720க்கு இறக்கினோம். அட்டை தீட்டவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விட்டன. ஆனாலும் நொடிக்கு வரும் ஃபிரேம் (படம்) ஒன்றுகூட ஏறவில்லை. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும், மடை சிறுத்திருந்தால் வயலுக்கு வருவது அந்த மடை விடுகிற அளவுதானே? 'குறுமடை' வாயில் வந்தது அப்போதுதான்.

> மதகு என்றால் என்ன குறை?

கிருஷ்ணகிரி ஐயா, மதகைத் திருகினால் இன்னும் கொஞ்சம் திறக்கும். செயலியைத் திருக முடியாது. (செயலியை அதன் வரம்புக்கு மேல் வேகமாக ஓட்டும் ஓவர்கிளாக் நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம், 3470இல் அது பெரிதாக நடக்காது.) தவிர, 2017இல் கிருஷ்ணகிரி கேஆர்பி அணையின் மதகு உடைந்த பிறகு உங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு படம்தான் மனதில் வரும்.

> நகரத்துப் பிள்ளைகளுக்கு மடை தெரியுமா?

ஏரியைப் பார்க்காதவர்கூட 'மடை திறந்தாற்போல்' என்று பேசுகிறார். 'கடைமடை' செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. அதன் பக்கத்தில் குறுமடை அந்நியமாகத் தெரியாது.

எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்குக் காரணம் வேறு. குறுமடை நகரும். பையனுக்கு ஐ5-12400எஃப் என்ற புதுச் செயலி போட்டோம். 3470இன் பழைய 1155 சாக்கெட்டில் அது உட்காராது. தாய்ப்பலகையும் (மதர்போர்டு) மாறியது, டிடிஆர்3 நினைவகமும் போய் டிடிஆர்4 வந்தது. ஒன்றை மாற்றப்போய் மூன்று. இப்போது அட்டை 98 சதவீதத்தில் ஓடுகிறது. "குறுமடை செயலியிலிருந்து அட்டைக்கு நகர்ந்தது" என்று எழுதிப்பாருங்கள், இடறாது. புட்டிக்கழுத்தை நகர்த்திப்பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். மின்வழங்கி (பவர் சப்ளை) போதாமல் ஆட்டத்தின் நடுவே கணினி பொட்டென்று அணைவதைக் குறுமடை என்று எழுதாதீர்கள். 3060 அட்டை மட்டுமே 170 வாட் இழுக்கும். பெயர் தெரியாத மலிவு மின்வழங்கி அதைத் தாங்காது. வேகம் குறைவது குறுமடை. அணைந்துபோவது கரை உடைவது, அதற்கு வேறு சொல் தேடுவோம்.

எனக்கே இன்னும் தீராத சந்தேகம் ஒன்று உண்டு. இப்போது நொடிக்கு 110 ஃபிரேம் வருகிறது, அவன் திரையோ 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். மீதி 50ஐயும் அது முழுதாகக் காட்டாது. அப்படியானால் திரையும் குறுமடைதானே? "ஆமா மாமா, கண்டிப்பா" என்கிறான், கையில் 144 ஹெர்ட்ஸ் திரையின் விலைப்பட்டியலோடு. உங்கள் கருத்தை எழுதுங்கள். அக்காவிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.