புரொஃபைல்ல வேற யாரோட கட்டுரையோ ஏறியிருக்கு, என்னோடது ரெண்டு காணோம் – அவசரம்

குடமுருட்டி:
வணக்கம். என் புரொஃபைல்ல யாரோட கட்டுரையோ நாலஞ்சு ஏறியிருக்கு. என்னோடது ரெண்டு வரல. திங்கட்கிழமை விண்ணப்பத்துல லிங்க் கொடுக்கணும். எப்படிச் சரி பண்றது?

வெண்ணாறு:
ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பட்டியல் போடற தளம் நிறைய இருக்கே, எந்தத் தளத்து புரொஃபைல்? கூகுள் ஸ்காலரா, ஸ்கோப்பஸா, ஆர்கிட்டா, வித்வானா? ஒவ்வொண்ணுக்கும் வழி வேற. கட்டுரைகள்ல உங்க பேரு எப்படி அச்சாகியிருக்கு? வராத ரெண்டுக்கும் டிஓஐ (கட்டுரைக்கான நிலையான அடையாள எண்) இருக்கா?

அரசலாறு:
ஆர்கிட் இல்லாததாலதான் இது. ஆராய்ச்சியாளருக்கான 16 இலக்க அடையாள எண், இலவசம். இன்னிக்கே எடுங்க, எல்லாம் தானா சரியாயிடும்.

வெண்ணாறு:
ஆகாதுங்க. ஆர்கிட் அவசியம்தான், ஆனா ஸ்காலரோட அது தானா ஒத்திசையாது.

பழையாறை:
ஆராய்ச்சி மாணவர்னா உதவிப் பக்கத்தையாவது ஒருதரம் படிச்சிட்டு வரணும். 'புரொஃபைல்'னு மொட்டையா கேட்டா யாரு என்ன சொல்ல முடியும்?

குடமுருட்டி:
மன்னிக்கணும், ஸ்காலர்தான். ஒண்ணுல 'ஆர். செந்தில்குமார்', மத்ததுல 'செந்தில் குமார் ஆர்.' நெல்லுக்குத் துத்தநாகம் பத்தின கட்டுரைங்க. டிஓஐ ஒண்ணுக்குத்தான் இருக்கு.

வெண்ணாறு:
அந்த இடைவெளிதான் சிக்கல். பிரிச்சு எழுதினா 'குமார்' குடும்பப் பேராகி, மேற்கோள்ல 'குமார், எஸ்.'னு போயிடும். அந்தப் பேர்ல நாடு பூரா ஆள் இருக்காங்க.

நீக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் திறந்து பாருங்க. உங்க துறையில தலைப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்; எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்னு யார் கட்டுரையிலயும் வரும். பேருக்குக் கீழ நிறுவன முகவரி, 'பொருட்களும் முறைகளும்' பகுதியில வயல் எந்த ஊரு, எந்தப் பருவம், எந்த ரகம்னு பாருங்க. ஆடுதுறை குறுவையில ஏடிடி 43-ஆ, வேற மாநிலத்து கரீஃப் (மழைக்கால) பயிரானு ரெண்டு வரியில தெரிஞ்சிடும்.

உங்களோடது இல்லன்னா பக்கத்துக் கட்டத்தை டிக் பண்ணி டெலீட். டிராஷுக்குப் போகும், கை தவறினா அங்கிருந்து மீட்கலாம். அடுத்து பிளஸ் குறி, ஆட் ஆர்ட்டிகிள்ஸ், முழுத் தலைப்பை மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க. வரலன்னா ஆட் மேனுவலி. பின்னாடி ஸ்காலரே அதைக் கண்டுபிடிச்சு ரெண்டா காட்டினா, ரெண்டையும் டிக் பண்ணி மெர்ஜ் கொடுங்க, சைட்டேஷன் (மேற்கோள் எண்ணிக்கை) ஒண்ணு சேரும். கடைசியா அப்டேட் அமைப்புல தானா சேக்கறதை நிறுத்தி, மெயில்ல கேட்டுட்டுச் சேக்கற மாதிரி வைங்க. இதை விட்டா திரும்ப ஏறும்.

பழையாறை:
புரொஃபைலைப் பப்ளிக் ஆக்கணும், நிறுவன மெயிலை உறுதி செய்யணும். அது இல்லன்னா ஸ்காலர் தேடல்ல வராது. லாக்-இன் இல்லாத ஜன்னல்ல லிங்க்கைத் திறந்து பாத்துட்டு அனுப்புங்க.

அரசலாறு:
எதுக்கு இவ்வளவு? ஆரம்பத்துலயே இனிஷியலை விரிச்சு அப்பா பேரைக் குடும்பப் பேரா போட்டிருந்தா குழப்பமே வராது.

வெட்டாறு:
ஏன் போடணும்? நமக்குக் குடும்பப் பேர் வழக்கமே இல்ல. அப்பா பேரைப் போட்டா உலகமே அவர் பேரைச் சொல்லித்தான் நம்ம கட்டுரையை மேற்கோள் காட்டும்.

அரசலாறு:
இதழோட படிவத்துல அந்தக் கட்டத்தைக் காலியா விட முடியாதே.

வெட்டாறு:
முடியாத இடத்துல எதைப் போட்டாலும் கடைசி வரைக்கும் அதே வடிவம், அதே எழுத்துக்கூட்டல், அவ்வளவுதான் வேணும். ஆர்கிட்ல குடும்பப் பேர் கட்டாயம் இல்ல. பழைய வடிவங்களை 'ஆல்சோ நோன் ஆஸ்'ல சேத்து எல்லாரும் பாக்கற மாதிரி வைங்க. சொந்த மெயிலையும் இணைங்க. கல்லூரி மெயில் மூடினா கணக்கு பூட்டிக்கும். புதுசா இன்னொரு எண் எடுக்கறது பெரிய வம்பு.

குடமுருட்டி:
நீக்கிட்டேன். ஒண்ணு தேடினதும் வந்துடுச்சு, டிஓஐ இல்லாததைக் கையால சேத்தேன். அதுக்கு சைட்டேஷன் 0 காட்டுது. நன்றிங்க.

வெண்ணாறு:
ஸ்காலர் அதை இன்னும் பாக்கல, அதான் 0. அந்த பிடிஎஃப் ஸ்கேன் பண்ணின படமா, இல்ல 5 எம்பிக்கு மேல இருக்கா? ரெண்டுல எதுன்னாலும் ஸ்காலர் எடுக்காது. எழுத்தைத் தேடக்கூடிய சின்ன பிடிஎஃப் போடச் சொல்லி இதழுக்கு எழுதுங்க. பேரையும் அப்பவே திருத்தச் சொல்லுங்க. ஏற்கெனவே ஏறின கட்டுரையில திருத்தம் தெரிய 6–9 மாசம், சில சமயம் ஒரு வருஷம்கூட ஆகும்.