மறு: ‘செட்-அசைடு’ – ஒதுக்கீடு பொருந்தாது, பாத்தி?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சிறுதொழில் முனைவோருக்கான ஓர் இதழுக்காக, அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் கட்டுமானப் பணிகள் சிறு நிறுவனங்களுக்கு எப்படிக் கிடைக்கின்றன என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மெய்ப்பு வந்தபோது தூக்கிவாரிப் போட்டது. சிறு நிறுவனங்கள் மட்டுமே போட்டியிடலாம் என்று தனியே வைக்கும் வேலையை அங்கே ‘செட்-அசைடு’ என்கிறார்கள். ‘செட்-அசைடு ஒப்பந்தம்’ என்று நான் விட்டிருந்த இடமெல்லாம் ‘ரத்து செய்யப்பட்ட ஒப்பந்தம்’ ஆகியிருந்தது. திருத்தியவரையும் குறை சொல்ல முடியாது. நீதிமன்றச் செய்திகளில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். ஒப்பந்தங்களை வரிசையாக ரத்து செய்தே சிறு நிறுவனங்களை வாழவைக்கும் ராணுவம் என்று படிப்பவர் நினைத்திருப்பார். அதனால்தான் அதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்று போன வாரம் இங்கே கேட்டேன். வந்த சொற்களுக்கு நன்றி. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> ‘ஒதுக்கீடு’ என்றே வைக்கலாமே. இடஒதுக்கீடு எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். ஒதுக்கீடு என்றதும் நம் மனத்தில் ஒரு விழுக்காடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவிலும் விழுக்காடு உண்டு: கூட்டரசு நேரடியாகக் கொடுக்கும் ஒப்பந்தங்களின் மதிப்பில் 23 விழுக்காடு சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும், அதற்குள் பணியில் உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களின் நிறுவனங்களுக்கு முன்பு 3 விழுக்காடு, 2024 நிதியாண்டு முதல் 5. ஆனால் இவை அரசு தனக்குத் தானே வைத்துக்கொண்ட இலக்குகள். 23க்குப் பதில் 21தான் ஆனது என்று எந்த நிறுவனமும் தன் பங்கைக் கேட்டு வழக்குப் போட முடியாது.

செட்-அசைடு வேறு வகை. அது ஆண்டுக்கணக்கில் பார்ப்பதல்ல, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எடுக்கும் முடிவு. படைவீரர் குடியிருப்பு ஒன்றின் கூரையை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்த அலுவலர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இந்த வேலையைச் செய்யத் தகுதியுள்ள குறைந்தது இரண்டு சிறு நிறுவனங்களாவது நியாயமான சந்தை விலையில் ஒப்பந்தப்புள்ளி தருமா? தரும் என்று நம்ப இடமிருந்தால் பெரிய நிறுவனங்களுக்கு வாசல் அடைபடும். இதை ‘இருவர் விதி’ என்கிறார்கள். (இதற்குத் தமிழ் தேடும் வேலை மிச்சம்.) உள்ளே போனவர்களுக்குச் சலுகை விலை ஏதும் கிடையாது; அவர்களுக்குள் முழுப் போட்டி. ஆக, இங்கே பங்கு பிரிக்கவில்லை, போட்டிக்குள் யார் வரலாம் என்பதைத்தான் குறுக்குகிறார்கள்.

போதாக்குறைக்கு, ‘ஒதுக்கீட்டுப் பணிக்கான நிதி ஒதுக்கீடு’ என்று நானே ஒரு வாக்கியம் எழுதித் தொலைத்திருக்கிறேன். இரண்டு ஒதுக்கீடும் வேறு வேறு என்று அடைப்புக்குறிக்குள் விளக்க வேண்டியிருந்தால், அது என்ன கலைச்சொல்? ‘ஒதுக்கிவைத்த ஒப்பந்தம்’ இன்னும் மோசம். ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தது போல ஒலிக்கிறது.

> சிறு நிறுவனத்தார் = சிறுவர். ‘சிறுவர் போட்டி’!

சிரித்தேன், ஐயா. ஆனால் அந்தச் ‘சிறுவர்’ வளர்த்தியைப் பாருங்கள். வணிகக் கட்டடங்கள் கட்டும் பிரிவில் 2022 டிசம்பரில் உயர்த்திய வரம்புப்படி, ஆண்டுச் சராசரி வரவு 4.5 கோடி டாலர் வரை உள்ள நிறுவனமும் அங்கே ‘சிறு’தான். நம் ஊர்க் கணக்கில் அது முன்னூறு கோடி ரூபாய்க்கும் மேல்.

> ‘வரையறுத்த போட்டி’ கண்ணியமாக இருக்கிறது.

கண்ணியமாகத்தான் இருக்கிறது, அம்மா. ஆனால் நம் அரசு அலுவலகங்களில் ‘வரையறுக்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளி’ என்றால், தெரிந்த நாலைந்து பேருக்கு மட்டும் கடிதம் அனுப்பி விலை கேட்பது. இதுவோ பொது அறிவிப்பு. சிறு நிறுவனம் என்ற தகுதி இருந்தால் முன்பின் தெரியாதவரும் வரலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் ஒப்பந்ததாரர்களே முதலில் குழம்புவார்கள்.

இனி என் பரிந்துரை: பாத்தி.

வயலில் பாத்தி கட்டினால் வரப்புக்குள் விட்ட தண்ணீர் அந்தப் பாத்திக்கு மட்டும்தான். எந்தச் செடிக்கும் தனியாகக் குடத்தில் ஊற்றுவதில்லை. உள்ளே இருப்பவை வேர்விட்டு இழுத்துக்கொள்ள வேண்டும். செட்-அசைடு செய்வதும் இதையேதான். பாத்தல் என்றாலே பகுத்தல் என்பதால் சொல்லுக்கு வேரும் இருக்கிறது. வினையாக்கவும் இடறவில்லை: ‘இந்தக் கூரைப் பணி சிறு நிறுவனங்களுக்குப் பாத்தி கட்டப்பட்டது.’ ஒரு வேலையில் ஒரு பகுதியை மட்டும் பிரித்தால் ‘பகுதிப் பாத்தி’.

என்னை முழுதாக மசியவைத்தது இன்னொரு விதி. சிறு நிறுவனம் தன் பெயரில் ஒப்பந்தத்தை வாங்கி, முழு வேலையையும் பெரிய நிறுவனத்திடம் தள்ளிவிட முடியாது. பொதுக் கட்டுமானத்தில், பொருள் செலவு நீங்கலாக, அரசு தரும் பணத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் தன் வகையைச் சேராத துணை ஒப்பந்ததாரருக்குப் போகக் கூடாது. சேவை ஒப்பந்தமானால் 50. வரப்பில் உடைப்பெடுத்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் ஓடாமல் காக்கும் ஏற்பாடுதானே இது? இதை ‘கசிவு வரம்பு’ என்று எழுதிப் பார்த்தேன், பொருந்துகிறது. கட்டுமானத்தில் 85 வரை கசியவிடுவது கொஞ்சம் தாராளம்தான் என்பது என் எண்ணம். அது வேறு விவாதம்.

குழுவில் வேளாண்மை படித்த நண்பர் கட்டாயம் மடக்குவார்: ‘செட்-அசைடு’ என்ற இதே ஆங்கிலச் சொல் ஐரோப்பிய விவசாயக் கொள்கையில் நிலத்தைத் தரிசாகப் போடுவதைக் குறித்ததே என்று. உண்மைதான், 1988இல் தொடங்கி 2008இல் கைவிட்டார்கள். அதற்குத் ‘தரிசுவிடல்’, நீதிமன்றத்துக்கு ‘ரத்து’, இதற்குப் ‘பாத்தி’. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

பாத்தி பொருந்தாத இடமும் உண்டு. நலிந்த பிரிவினரின் நிறுவனங்களுக்கான திட்டத்தில், குறிப்பிட்ட தொகைக்குள், போட்டியே இல்லாமல் ஒரு நிறுவனத்துக்கு வேலை தரலாம். அதை ‘நேரடி ஒப்பந்தம்’ என்று தனியே வைப்போம்.

நம் நாட்டுக்கும் இது உதவுமா என்று சேலத்து நண்பர் கேட்டிருந்தார். பாதி உதவும். 2012ஆம் ஆண்டு ஆணைப்படி மத்திய அரசுத் துறைகள் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். இங்கே ‘கொள்முதல் இலக்கு’ போதும். அவர்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று 358 பொருள்களைப் பட்டியலிட்டிருப்பதுதான் பாத்திக்கு நெருக்கம். ஆனால் அந்த ஆணை பொருள்களுக்கும் சேவைகளுக்கும்தான், கட்டுமானப் பணிகளுக்கு இல்லை. நம் ராணுவப் பொறியியல் சேவையின் கூரைப் பணி அந்தப் பாத்திக்குள் வராது.

கடைசியாக ஓர் உதவி. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் ‘இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் யார் யார் இருக்கிறீர்கள்?’ என்று ஓர் அறிவிப்பு வரும். அங்கே அதை ‘சோர்சஸ் சாட்’ என்கிறார்கள். அதற்குச் சிறு நிறுவனங்கள் பதில் போடாமல் இருந்தால், இரண்டு பேர்கூட இல்லை என்று அலுவலர் முடிவுகட்டிப் பொதுப் போட்டிக்கு விட்டுவிடக்கூடும். எனவே படிப்பவரை உடனே பதில் எழுதத் தூண்டும் சொல்லாக இருக்க வேண்டும். ‘திறன் கேட்பு’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மெய்ப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்குள் யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.