காலடிப்பேட்டையில் 12 வருடப் பழைய ஃபிளாட்: இஎம்ஐ போக வருடத்துக்கு எவ்வளவு எடுத்து வைக்கணும்?

வாடகை வீட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒன்பது வருடமாக வாடகை வீடு, இப்போது மாதம் 13,000. காலடிப்பேட்டை மெட்ரோவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஃபிளாட் அமைந்திருக்கிறது. 850 சதுர அடி, மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான், லிஃப்ட் இல்லை, மொத்தம் எட்டு வீடு. விலை 52 லட்சம். பத்திரச் செலவு 9 சதவீதம் என்பதால் அதிலேயே நாலரை லட்சத்துக்கு மேல் போய்விடும் என்று தெரியும். 40 லட்சம் லோன், 20 வருடம், எட்டரை வட்டி, மாதம் 34,700 வருகிறது. வட்டியோடு கூட்டிப் பார்த்தால் 83 லட்சம், அதைப் பார்த்து வீட்டுக்காரம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. சரி, அது தெரிந்த செலவு. தெரியாத செலவுதான் பயமாக இருக்கிறது. மெயின்டனன்ஸ் 1,000 ரூபாய், "வேற ஒண்ணுமே கிடையாது சார்" என்கிறார் விற்கிறவர். அவ்வளவுதானா?

உப்புக்காத்து

தம்பி, எட்டு வீட்டுக்கு ஆயிரம் என்றால் மாதம் எட்டாயிரம். வாட்ச்மேன் இருந்தால் அவர் சம்பளத்துக்கே பத்தாது, இல்லையென்றால் பெருக்குகிற அம்மாவுக்கும் மோட்டார் கரண்டுக்கும் சரியாகப் போய்விடும். கையிருப்பு என்று ஒரு பைசா இருக்காது. அதாவது ரிப்பேர் வருகிற அன்றைக்குத்தான் வசூல். எங்கள் பில்டிங்கும் அப்படித்தான் இருந்தது.

நான் தண்டையார்பேட்டையில் கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கிறேன், கட்டி 19 வருடம். நாலு வருடம் முன்னால் ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போகலாம் என்று கீழே இறங்கினால் வண்டி சீட்டின் மேல் தேங்காய் அளவுக்கு ஒரு கான்கிரீட் கட்டி. நிமிர்ந்து பார்த்தால் சன்ஷேடின் அடியில் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடிக்கும், துரு பிடித்த கம்பி வீங்கும், மேலே இருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேலே சிமெண்ட் பூசி மறைத்தால் இரண்டு மழைக்குத் தாங்கும், அவ்வளவுதான். பெயர்ந்ததை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலவை வைத்துப் பூச வேண்டும். எங்கள் ஆறு வீட்டுக்கு ஆளுக்கு 68,000 வந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் தர மாட்டேன் என்று ஏழு மாதம் இழுத்தார்கள், அதற்குள் இன்னொரு சன்ஷேடும் போய்விட்டது.

அதனால் இன்னொரு தடவை வீடு பார்க்கப் போகும்போது ஒரு துடைப்பக் கட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பால்கனியின் அடிப்பக்கம், பாத்ரூம் சீலிங், படிக்கட்டின் கீழ்ப்பக்கம் எல்லாவற்றையும் தட்டுங்கள். "டொக்" என்று கெட்டியாகக் கேட்டால் சரி. பொள்ளலாகக் கேட்டால் உள்ளே பூச்சு விட்டுப்போயிருக்கிறது. புது பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் நன்றாகத் தட்டுங்கள்.

ஏசியும் அப்படித்தான், வெளியே இருக்கிற யூனிட்டின் சுருள் குழாய் (காயில்) இங்கே சீக்கிரமே அரித்துவிடும். கிரில்லுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பெயிண்ட். மூன்றாவது மாடி என்கிறீர்கள், மொட்டை மாடி ஒழுகினால் முதலில் நனைவது உங்கள் சீலிங்தான், ஆனால் மொட்டை மாடி எட்டு பேருக்கும் பொது. கீழ் வீட்டுக்காரர் "எனக்கு ஒழுகலையே" என்பார். அதை எழுத்தில் பேசிவிட்டு வாங்குங்கள்.

கொடுங்கையூர் ஜாக்கி

தனி வீடு என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று யாராவது சொல்வதற்குள் நானே வந்துவிடுகிறேன். 😀 அப்பா கட்டிய வீடு. அப்போது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறிப் போவோம். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு, இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர், பாத்ரூம் வழியாகச் சாக்கடையும் எதிர்த்து வந்தது. கட்டில், பீரோ, பிரிட்ஜ், சம்ப் மோட்டார் எல்லாம் போச்சு. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்க ஆள் வந்து அளந்தார்கள். தூக்குகிற கூலி ஒரு பக்கம், தூக்கிய பிறகு தரை, பைப், படி எல்லாம் புதிதாகப் போட வேண்டும், மொத்தம் 11 லட்சம் என்றார்கள். லீசுக்கு இருக்கிற மச்சான் போன வாரம்கூட என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நீங்கள் மூன்றாவது மாடி என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் சம்பும் மோட்டாரும் ஈபி மீட்டரும் கீழேதானே இருக்கும்? மீட்டர் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை

வரி விஷயம் யாரும் சொல்லவில்லை. 2022இல் சொத்து வரி ஏறியபோது பழைய மாநகராட்சிப் பகுதியில் 601 முதல் 1,200 சதுர அடிக்கு 75 சதவீதம், 2011இல் சேர்ந்த திருவொற்றியூர் மாதிரிப் பகுதிகளுக்கு 50 சதவீதம், காலடிப்பேட்டை இதில்தான் வரும். 2024இல் இன்னொரு 6 சதவீதம். ஏப்ரல், அக்டோபர் மாதம் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு, விட்டுவிடாதீர்கள். குடிநீர் வாரியத்துக்கு வரியும் கட்டணமும் தனி. விற்கிறவரிடம் இரண்டுக்கும் கடைசி ரசீது கேளுங்கள். என் தங்கை வாங்கிய வீட்டில் ஐந்து வருடத் தண்ணீர் வரி பாக்கி, பெயர் மாற்றப் போன இடத்தில்தான் தெரிந்தது, அவள்தான் கட்டினாள்.

யூடிஎஸ், அதாவது பிரிக்காத நிலத்தில் உங்கள் பங்கு, எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லையே? பில்டிங் பழசாகப் பழசாகத் தேய்மானம்தான், நிலத்துக்குத்தான் விலை. 850 அடிக்கு 350 அடியாவது நிலம் இருந்தால் மேலே பேசலாம். உப்புக்காத்து சொன்னதோடு ஒன்று: நான் என் ஃபிளாட்டுக்கு வருடம் 40,000 தனி ஆர்டியில் போடுகிறேன். சில வருடம் தொடவே மாட்டேன், சில வருடம் மொத்தமும் காலி.

வாடகை வீட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. உப்புக்காத்து அண்ணே, நேற்று சாயங்காலம் கட்டையோடு போனேன். விற்கிறவர் முகமே மாறிவிட்டது. ஹால், பெட்ரூம் சரி. கிச்சன் பால்கனியின் அடியில் இரண்டு அடி நீளத்துக்குப் பொள்ளல், படிக்கட்டின் கீழேயும் ஒரு இடம். மீட்டர் போர்டு இடுப்பு உயரம். யூடிஎஸ் 310. அசோசியேஷன் நோட்டு கேட்டேன், "அப்படி ஒண்ணு இல்ல, வாட்ஸ்அப் குரூப்தான்" என்றார்கள். 48க்குக் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.